இரண்டாம் படுக்கைத் தாள்

மெஷின் அக்காவுக்குக் கோபம் வந்தால் தையல் மெஷின் தாங்காது. அன்று மாலை அவள் பெடலை மிதித்த மிதியில் ஊசி முறிந்து, ஒரு துண்டு அவள் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. இத்தனைக்கும் காரணம் தம்பி மகள். ஆறு வயதிலிருந்து தூக்கி வளர்த்து டாக்டர் ஆக்கிய பெண். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, கடையில் சோப்பு வாங்க மறந்ததைச் சொல்வதுபோல அந்த விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்கு எங்க பிரிவுக்கு முப்பது வருஷம், அத்தம்மா. கண்காட்சி வெச்சிருக்கோம். அம்மாவையும் கூப்பிட்டிருக்கேன்."

"எந்த அம்மாவ?"

"எனக்கு எத்தனை அம்மா? பெத்தவங்களத்தான்."

டாக்டர் வேலை பார்ப்பது பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில். இன்று அங்கே இருபத்து நான்கு படுக்கை, படுக்கைக்கு ஒரு வென்டிலேட்டர், பார்க்கும் இடமெல்லாம் திரை. முப்பது வருடத்துக்கு முன்னால் அது ஒரு பொது வார்டின் மூலை. நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்ட நான்கு கட்டில், ஊருக்கே ஒரு வென்டிலேட்டர். அதுவும் பாதி நாள் மக்கர் செய்யும். மற்ற மூன்று பேருக்கும் தொண்டையில் குழாய், குழாயின் முனையில் ஒரு ரப்பர் பை. அந்தப் பையை அழுத்தினால்தான் மூச்சு. அழுத்த ஆள் யார்? சொந்தக்காரர்கள்தான். ஆளுக்கு ஒரு மணி நேரம், கடிகாரத்தைப் பார்த்துக் கை மாற்ற வேண்டும். அப்படி அழுத்திய கைகளை எல்லாம் தேடிப் பிடித்து நாளைக்கு அழைத்துப் பாராட்டப் போகிறார்களாம்.

"தூங்கினதுக்குமா பாராட்டு?" என்றாள் மெஷின் அக்கா.

"ஆரம்பிச்சுட்டீங்களா."

"ஆரம்பிக்காம? என் தம்பிய ரெண்டு நாள் நான் இந்தக் கையால உயிரோட வெச்சிருந்தேன். காலையில பத்து மணிக்கு வந்து பாக்கறேன், உங்கம்மா பையைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடி உக்காந்திருக்கா. கை ஆடுதா இல்லையான்னு தேடணும். பிடுங்கினேன். முழிச்சு என்னவோ உளறினா. நான் எவ்வளவோ அழுத்தினேன், அதுக்குள்ள எல்லாம் கைய மீறிப் போச்சு."

இந்தக் கதை அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த அத்தனை பெண்களுக்கும் கையைத் தூக்கி நிற்க வைத்துச் சொல்லியாகிவிட்டது. இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லிக் கதை வழவழவென்று ஆகிவிட்டது. எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே நூலைப் பல்லால் கடித்து அறுக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கதையோடு மட்டும் நின்றிருந்தால் போகட்டும் என்று விடலாம். தம்பி இறந்த மறு வாரம் சொந்தங்கள் கூடியபோது, "ஒரு பையை நம்பிக் குடுக்க முடியாதவ கையில ஒரு பிள்ளைய எப்படிக் குடுக்கறது?" என்று அவள்தான் கேட்டாள். பெற்றவள் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியோடு கிளம்பினாள். எங்கோ ஒரு மாணவிகள் விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை வந்து, வாசலில் நின்று, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவாள். உள்ளே வா என்று ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை.

இப்போது பிள்ளைக்கு முப்பத்து நான்கு. அப்பன் செத்த வயது. இரண்டு வருடமாக அவளாகவே பஸ் ஏறிப் போய்ப் பெற்றவளைப் பார்த்துவிட்டு வருகிறாள். போய் வந்த நாட்களில் அதிகம் பேச மாட்டாள். மெஷின் அக்காவுக்குப் பயமெல்லாம் அந்த மௌனம்தான். இந்தப் பெண்ணும் போய்விட்டால் இந்த வீட்டில் மெஷினும் அவளும்தான் மிச்சம்.

"ஏதோ பழைய தாளெல்லாம் வந்திருக்குன்னு சொன்னியே," என்றாள்.

"ஆமா. முதல் நாலு வருஷத்து நோயாளிங்களோட தாளுங்க. அப்ப இருந்த பெரிய சிஸ்டர் பத்திரமா வெச்சிருந்தாங்க. பேரை மட்டும் கத்தரிச்சுட்டுப் பெட்டியோட குடுத்திருக்காங்க. நான் இன்னும் பிரிக்கல."

"அதுல எல்லாம் எழுதியிருக்கும்ல? யார் எப்ப அழுத்தினாங்க, எப்படி அழுத்தினாங்கன்னு?"

"கால் மணிக்கு ஒருதரம் எழுதுவாங்க, மோசமாயிட்டா அதுக்கு முன்னாடியும்."

"அப்போ எடு அதை. உங்கப்பா இருந்தது ரெண்டாம் படுக்கை. தேதி எனக்கு மனப்பாடம். நாளைக்கு உங்கம்மா வரதுக்கு முன்னாடி நீயே உன் வாயால படி. அவ தூங்கினான்னு அதுல இருந்தா, அவ வந்த வழியே திரும்பிப் போகட்டும். இனிமே நீயும் அங்க போகக் கூடாது. சரியா?"

"இல்லைன்னா?"

"இல்லைன்னாவா!" என்று சிரித்தாள் மெஷின் அக்கா. "போடி இவளே. நான் கண்ணால பாத்தவ."

மறுநாள் காலை ஒன்பதரைக்கெல்லாம் மொடமொடப்பான புடவையோடு ஆஸ்பத்திரியில் போய் நின்றாள். விழா பதினோரு மணிக்கு. கூட்ட அறையில் நாற்காலிகளை இன்னும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவர் நெடுகப் பெரிய பெரிய படங்கள், கீழே விளக்கம். மெஷின் அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். பார்த்தாள் என்பதைவிடக் குறை கண்டுபிடித்தாள் என்பதுதான் சரி.

முதல் படத்தில் ஆளை முழுக்க உள்ளே தள்ளி, தலையை மட்டும் வெளியே விட்ட ஓர் இரும்புப் பெட்டி. இளம்பிள்ளை வாதத்தில் மூச்சு நின்றவர்களை அதற்குள் வைத்துத்தான் காப்பாற்றினார்களாம். "பாய்லர் மாதிரி இருக்கு," என்றாள். அடுத்த படத்தில் ஒரு மருத்துவ மாணவன், கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு சிறுமியின் கழுத்துக் குழாயோடு சேர்ந்த பையை அழுத்திக்கொண்டிருந்தான். எங்கோ ஒரு குளிர் நாட்டில் அந்த நோய் பரவிய வருடம். இரும்புப் பெட்டி போதாமல், ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் மாதக்கணக்கில் முறை வைத்துக் கையால் அழுத்தினார்களாம். பத்துக்கு எட்டு ஒன்பது பேர் செத்துக்கொண்டிருந்த நோயில் பாதிக்கு மேல் பிழைத்தார்களாம். நோய் முற்றியவர்களையெல்லாம் ஒரே இடத்தில் போட்டுக் கண் இமைக்காமல் பார்த்துக்கொள்ளும் வழக்கமே அங்கிருந்துதான் வேர் பிடித்ததாம்.

"பாத்தியா!" என்றாள் டாக்டரிடம். "தூங்காம அழுத்தியிருக்காங்க. படிக்கிற பசங்க. உங்கம்மாவுக்கு ஒரு மணி நேரம் முழிச்சிருக்க முடியல."

டாக்டர் மேஜைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் ஒரு பலூன், அதோடு இணைத்த ஒரு பை. பலூனை ஒட்டி மெல்லிய குழாயில் சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பலூன் நுரையீரல், தண்ணீர் ரத்தம். வருகிறவர்கள் அழுத்திப் பார்க்கலாம்.

"இது நான் செஞ்சது. அழுத்திப் பாருங்க, அத்தம்மா."

மெஷின் அக்கா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பையைப் பிடித்தாள். அறுபத்தெட்டு வயதுக் கைக்கு அப்படி ஒரு வேகம்! அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, கைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. ஐந்தாறு தடவையில் பலூன் புடைத்துப் போய்க் கண்ணாடியை முட்டியது. சிவப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகி, நின்றே போனது.

"என்னடி இது, மக்கர் பண்ணுது?"

"இல்ல. இது இழுப்பு நோய்க்காரங்களோட நுரையீரல். காத்து உள்ள போற வேகத்துல வெளிய வராது. அது வெளிய வரதுக்குள்ள நீங்க அடுத்ததைத் தள்ளிட்டீங்க." சொல்லிக்கொண்டே டாக்டர் பையைக் கழற்றினாள். பலூன் புஸ்ஸென்று மெல்ல மெல்ல இளைத்தது. தண்ணீர் மறுபடி ஓடத் தொடங்கியது.

"பொம்மைய விடு. தாளை எடு," என்றாள் மெஷின் அக்கா.

தாள் பழுப்பேறியிருந்தது. ஓரத்தில் பெயர் இருந்த இடம் சதுரமாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. படுக்கை இரண்டு, ஆண், வயது முப்பத்து நான்கு, ஆஸ்துமா. பெரிய சிஸ்டரின் கையெழுத்து அச்சு மாதிரி. நேரம், யார் கை, நிமிடத்துக்கு எத்தனை அழுத்தல், நாடி, பி.பி. என்று வரிசை வரிசையாகக் கட்டம். யார் கை என்ற இடத்தில் 'மனைவி', 'அக்கா', 'மனைவி', 'அக்கா' என்று மாறி மாறி வந்தது.

டாக்டர் நின்றபடி படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். விரலை வரிவரியாக இழுத்துக்கொண்டு போனவள், கடைசி வரிக்குப் போய்விட்டு மறுபடி முதல் வரிக்கு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன எழுதியிருக்கு? தூங்கினான்னு இருக்கா?"

"இருங்க."

"நான் சொல்லல? நீதான் நம்பல."

"இருங்கன்னு சொல்றேன்ல!" டாக்டர் இதற்கு முன் அத்தம்மாவிடம் இப்படிக் குரலை உயர்த்தியதே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தாளைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள். "நீங்களே பாருங்க. நம்பர் படிக்கத் தெரியும்ல?"

மெஷின் அக்காவுக்கு நம்பர் படிக்கத் தெரியாமல் என்ன? ஊரின் இடுப்பளவெல்லாம் மனப்பாடம். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தாள். மனைவி: பத்து, பதினொன்று, பத்து. பி.பி. நூற்றுப் பத்து, நூற்றுப் பதினான்கு. அக்கா: முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு. பி.பி. தொண்ணூற்றாறு, எண்பத்து நான்கு, எழுபத்தாறு. மறுபடி மனைவி: பத்து. பி.பி. ஏறி நூற்றெட்டு. மறுபடி அக்கா. மறுபடி இறக்கம். இரண்டு நாளும் இதே கதைதான்.

கடைசி நான்கு வரிகள் பக்கத்தின் அடியில் இருந்தன. காலை பத்து, மனைவி, பத்து, பி.பி. நூற்றுப் பத்து. பத்தே கால், அக்கா, முப்பத்தாறு, எண்பது. பத்து இருபத்தைந்து, அக்கா, நாற்பது, ஐம்பத்தெட்டு. பத்து முப்பத்தைந்துக்கு நேரே ஒரு கோடு.

அவள் பார்வை தானாக அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் போய் வந்தது.

"அவன் சரியறான்னுதானே நான் வேகமா அழுத்தினேன்," என்றாள். "சரியச் சரிய இன்னும் வேகமா..."

"தெரியும். எல்லாரும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. டாக்டருங்களே 'நல்லா அழுத்துங்க'ன்னுதான் சொல்லியிருப்பாங்க. அந்தப் பாடம் இந்த வார்டுக்கு வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு. இப்பல்லாம் இப்படி பி.பி. விழுந்தா நான் முதல்ல செய்யறது, பையைக் கழட்டிட்டுச் சும்மா நிக்கறதுதான். சும்மா நிக்கறதுக்குத்தான் எங்களுக்கு அத்தனை வருஷப் படிப்பு."

"அப்போ நான்தான் கொன்னேன்கறியா?"

"இல்ல. அன்னிக்கு யாருக்கும் தெரியாது. மெதுவா அழுத்தியிருந்தாலும் பிழைச்சிருப்பாருன்னு என்னால சொல்ல முடியாது." டாக்டர் அத்தம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மாவுக்கும் தெரிஞ்சா செஞ்சாங்க? தூங்கித் தூங்கி வழிஞ்சதுல கை மெதுவாயிருக்கு, அதுவே அப்பாவுக்கு நல்லதாப் போச்சு. வெறும் அதிர்ஷ்டம். ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. இன்னிக்கு அவங்க வந்தா ஒரு வார்த்தை நல்லதாப் பேசுங்க. அதோட விட்டுடலாம்."

எவ்வளவு வசதியான வழி பாருங்கள். தலையை ஆட்டினால் போதும். ஒருத்தி தெரியாமல் வேகமாக அழுத்தினாள், ஒருத்தி தெரியாமல் தூங்கினாள், சரிக்குச் சரி. பெண்ணும் கையை விட்டுப் போக மாட்டாள். மெஷின் அக்கா தலையை ஆட்டத்தான் போனாள்.

ஆனால் பாழாய்ப்போன மனசு அந்தக் காலைப்பொழுதுக்குப் போய் நின்றது. இருபத்தெட்டு வருடமாக ஊருக்குச் சொன்ன கதையில் அவள் சொல்லாமல் விழுங்கிய ஒரு துண்டு இருந்தது. தம்பி மனைவி கண்ணை மூடியிருந்தது நிஜம். ஆனால் சாய்ந்து உட்கார்ந்திருக்கவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்திருந்தாள். பையில் மெஷின் அக்காவின் கை பட்டதுமே அவள் கண் திறந்தது. திறந்த கண்ணில் தூக்கம் துளிகூட இல்லை. அவள் உளறவும் இல்லை. தெளிவாக, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்: 'இருங்க அண்ணி, அவர் இன்னும் மூச்ச விட்டு முடிக்கல.'

அது காதில் நன்றாக விழுந்தது. விழுந்தும்தான் பிடுங்கினாள். நேற்று வந்தவள் எனக்குச் சொல்லித்தருகிறாளா, பால் குடிக்கிற காலத்திலிருந்து இவனைத் தூக்கி வளர்த்தவள் நான் என்று பிடுங்கினாள். அரை மணி கழித்து எல்லாம் முடிந்தபோது, யாரோ எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். அவள் வாயில் முதலில் வந்த வார்த்தை, "தூங்கிட்டா."

கதவு திறந்தது. தம்பி மனைவி வந்து நின்றாள். ஒல்லியாகி, முன்தலை நரைத்து, தோளில் ஒரு துணிப்பை. உள்ளே இருப்பவளைப் பார்த்ததும் முகம் கல்லாகிவிட்டது.

"இவங்களும் வருவாங்கன்னு நீ சொல்லலையே," என்றாள் மகளிடம்.

"உக்காருங்கம்மா. ஒண்ணு காட்டணும்." டாக்டர் தாளை எடுத்து நடந்ததைச் சொன்னாள். வேகமாக அழுத்தியதில் வந்த வினையை, மெதுவாக அழுத்தியதில் வந்த நன்மையை, யார் மேலும் தப்பில்லை என்பதை, எல்லாவற்றையும் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். "நீங்க தூங்கினதுகூட அவருக்கு நல்லதுதான்மா செஞ்சிருக்கு."

அவள் தாளைத் தொடவில்லை. "தூங்கினதுக்கு எனக்கு நல்ல பேரு வேணாம்," என்றாள். "எனக்கு முழிச்சிருந்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா எல்லாரும் தூங்கினேன்னு சொன்னாங்க. எத்தனை பேரு பொய் சொல்லுவாங்க? தூங்கிட்டேன் போல. அன்னிலேருந்து நான் பகல்ல கண்ணை மூடறதே இல்ல. பஸ்ல இடம் கிடைச்சாக்கூட நின்னுக்கிட்டேதான் வருவேன், உக்காந்தா தூங்கிடுவேனோன்னு. இன்னிக்கும் மூணு மணி நேரம் நின்னுதான் வந்தேன்." பிறகு மெஷின் அக்கா பக்கம் திரும்பினாள். "போதுமா அண்ணி? ஒத்துக்கிட்டேன். இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

மெஷின் அக்காவுக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. வாழ்நாள் முழுக்க இந்த ஒருத்திமேல் காட்டிய கோபம் மொத்தமும் திரண்டு வந்தது. மேஜையை ஓங்கி அறைந்தாள். கண்ணாடிப் பெட்டி ஆடியது.

"எதுக்குடி ஒத்துக்கற? அறிவு கெட்டவளே! நீ எங்கடி தூங்கின?"

அறையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"குழாய்கிட்ட காதை வெச்சுக்கிட்டு இருந்தியே! 'அவர் இன்னும் மூச்ச விட்டு முடிக்கல'ன்னு சொன்னியே! என் காதுல விழுந்துச்சுடி, ஒவ்வொரு வார்த்தையும் விழுந்துச்சு! இருபத்தெட்டு வருஷம் ஊரெல்லாம் தூங்கினா தூங்கினாங்கறேன், 'நான் தூங்கலடி சிறுக்கி'ன்னு வந்து என் மயிரைப் பிடிச்சு ஆட்ட உனக்குத் துப்பில்லையா? பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்டுப் போனியே, ஜடம்!"

திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் வாய் பழகியதில்லை. பழகிய பாஷையில்தான் கேட்டாள்.

தம்பி மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு வருஷம் அவர் பக்கத்துல படுத்தவ நான்," என்றாள். "இழுப்பு வந்தா அவருக்கு மூச்சு உள்ள போறது கஷ்டமில்ல, வெளிய வரதுதான். விசில் சத்தம் நிக்கற வரைக்கும் காத்திருந்து அழுத்தினேன். கண்ணை மூடினாத்தான் அது கேக்கும்." மெஷின் அக்காவை நேராகப் பார்த்தாள். "நான் சொன்னேன் அண்ணி. அன்னிக்கே சொன்னேன். நீங்கதான் பையைப் பிடுங்கினீங்க."

"ஆமா," என்றாள் மெஷின் அக்கா.

"பையோட நிறுத்திக்கலையே நீங்க."

மெஷின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரைப் பார்த்தாள். அவள் தாளை உறையில் போட்டு மூடினாள். பெற்றவள் தோளிலிருந்து துணிப்பையை வாங்கி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கம்மா. பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. கண்ணை மூடிக்கோங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

பிறகு திரும்பினாள். ஆறு வயதிலிருந்து வாய் நிறைய அத்தம்மா என்று கூப்பிட்டவள், அன்றைக்கு வேறு மாதிரி கூப்பிட்டாள்.

"அத்தை, நீங்க வீட்டுக்குப் போங்க."